ஓஸ்வால்ட் வீட்டு ஜன்னலும் ஊர்ப் பறவைகளும்

காக்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் வீட்டுக்கு அந்தக் கண்ணாடி வந்து இறங்கிய அன்று தெருவே கைவேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் கம்பளி விரித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்கிப் பிடிக்க, நிறைமாதக் கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதுபோல் அதைக் கொண்டுவந்தார்கள். வண்டிக்கு முன்னால் ஓஸ்வால்ட் குடையை நீட்டி, "ஓரம், ஓரம்! கண்ணாடி வருது!" என்று ஆடுமாடுகளுக்குக்கூட அறிவித்துக்கொண்டே நடந்தார்.

அது முப்பத்துநாலாம் வருஷம், கோடை. ஓஸ்வால்ட் கன்டோன்மென்ட்டில் ஓர் ஏலக் கம்பெனியில் தலைமை குமாஸ்தா. சீமைக்குத் திரும்பும் துரைமார்களின் கட்டில், பீரோ, பியானோ, பஞ்சு அடைத்த புலித்தலை உட்பட எல்லாம் அங்கேதான் விலைக்கு வரும். காலமெல்லாம் அடுத்தவர் சாமான்களுக்கு நம்பர் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த மனிதர், தனக்கென்று ஒரு முக்காலிகூட ஏலத்தில் எடுத்ததில்லை. மூடிப்போன ஒரு கேக் கடையின் முகப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. ஓர் ஆள் உயரம், இரட்டைக் கட்டில் அகலம். நடுவில் சட்டமில்லை, குமிழில்லை, கீறலில்லை. ஏலம் கூறுகிறவர் வாயைத் திறக்குமுன் குமாஸ்தாவே கையைத் தூக்கிவிட்டார்.

"இதை எங்கங்க வைக்கப்போறீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி அல்போன்சா.

"முன்ரூம் சுவரை இடிச்சுட்டு அங்க வைக்கப்போறேன்."

"சுவர் நல்லாத்தானே இருக்கு?"

"சுவர் வழியா ஒண்ணும் தெரியலையே, அல்போன்சா."

அல்போன்சா சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக அடுக்கினாள்.

சுவரை இடித்து, தேக்குச் சட்டம் அடித்து, கண்ணாடியைப் பொருத்தினார்கள். முன்ரூமில் உட்கார்ந்தால் தோட்டத்துக் கொய்யா மரமும், தெருவோரத் தூங்குமூஞ்சி மரமும், அல்சூர் ஏரிப் பக்கத்து வானமும் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றதுபோல் இருந்தது. ஓஸ்வால்ட் தினமும் காலையில் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அதை உள்ளேயும் வெளியேயும் தாமே துடைத்தார். எதிர்வீட்டு சேஷகிரி ஐயர் பார்க்க வந்தார். மைசூர் சர்க்காரில் ரெவின்யூ இலாகாவில் இருந்து ரிடையரானவர். பார்வை கொஞ்சம் மட்டு.

"ஏன் ஸ்வாமி, கண்ணாடி கண்ணாடின்னு ஊரெல்லாம் சொல்றா. எங்கே இருக்கு? நேக்கு ஒண்ணும் தெரியலையே!"

ஓஸ்வால்டுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் முன்ரூமில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்றால் ஓஸ்வால்ட், அல்போன்சா, கான்வென்ட் பள்ளியில் டீச்சராக இருந்த அவர்கள் ஒரே மகள் மௌரீன், பிறகு டொமினிக். இந்த டொமினிக் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தான். கோயிலில் பாட்டுக் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பான். மௌரீன் அந்தக் குழுவில் பாடுகிறவள். பாட்டைப் பற்றிப் பேசவேண்டும் என்று சொல்லி வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் வந்தான். வந்து பாட்டைப் பற்றிப் பேசினானா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஜனங்களிடம் காசு வாங்கியே பழகியதால் தன் வாயிலிருந்தும் ஒரு சொல் வீணாக விடமாட்டான். கேக் சாப்பிடுவான், மௌரீனைப் பார்ப்பான், "வரேன்" என்று எழுந்து போய்விடுவான்.

அப்போதுதான் கண்ணாடியில் 'டம்' என்று ஒரு சத்தம்.

ஓஸ்வால்டின் தேநீர் சட்டையில் கொட்டியது. "எந்தப் பய கல்லடிச்சான்?" என்று கத்திக்கொண்டு குடையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே பாய்ந்தார். தெருவில் ஒரு பயலும் இல்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு கொண்டைக்குருவி கண்ணை மூடி, வாயைத் திறந்து, ஆராதனையில் தூங்கிப்போனவரைப் போல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது.

டொமினிக் குனிந்து பார்த்தான். "குருவி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "உயிர் இருக்கு" என்றான். அந்த மாதத்துக்கு அவன் அதிகம் பேசியது அன்றைக்குத்தான்.

மௌரீன் குருவியை இரண்டு கையாலும் அள்ளியெடுத்தாள். எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்து, ஆணியில் தொங்கிய அப்பாவின் சோலாத் தொப்பிக்குள் வைத்து மேலே ஒரு கைக்குட்டையால் மூடினாள். குருவி இருட்டில் சற்று நேரம் கிடந்துவிட்டு, தெளிந்து, கைக்குட்டையைத் தள்ளிக்கொண்டு பறந்துபோயிற்று. போகும்முன் தொப்பிக்குள் தன் நன்றியை வைத்துவிட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் ஆபீஸில் துரைக்கு வணக்கம் சொல்லத் தொப்பியைத் தூக்கியபோது ஓஸ்வால்ட் கவனித்தார். துரையும் கவனித்தார்.

அதோடு போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு மைனா. புதன்கிழமை காலையில் புறா, மாலையில் இன்னொரு புறா. ஒருவேளை முதல் புறாவின் சம்சாரமாக இருக்கலாம். கண்ணாடியில் இறக்கை விரித்த அச்சு அப்படியே மாவில் பதிந்ததுபோல் இருந்தது. அதைத் துடைத்துவிட்டு ஓஸ்வால்ட் ஆபீஸுக்குப் போவார்; திரும்பி வந்தால் வேறோர் அச்சு இருக்கும்.

"கண்ணாடியை எடுத்துடுங்க" என்றாள் அல்போன்சா.

"கண்ணாடி மேல என்ன தப்பு? கண்ணு இல்லாத பறவைங்க."

"கண்ணு இருக்கறதாலதான் மரம் தெரியுதுன்னு வருதுங்க."

ஓஸ்வால்ட் யோசித்தார். உள்ளே திரை போட்டுவிட்டால் வழி அடைபட்டுப்போனது என்று பறவைக்குத் தெரிந்துவிடும் அல்லவா? கரும்பச்சையில் கனமான திரை தைத்து மாட்டினார். அன்று மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக இடித்தன. என்ன விந்தை இது என்று வெளியே போய்ப் பறவைகள் வருகிற திசையிலிருந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிக்குள் கொய்யா மரம் நின்றது. தூங்குமூஞ்சி மரம் நின்றது. வெள்ளை மேகம் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. தன் தோட்டத்தைவிட அந்தத் தோட்டம் குளிர்ச்சியாக இருந்ததாக அவருக்குத் தோன்றியது.

"நான் குருவியா இருந்தா நானும் அங்கதான் போய் உக்காருவேன்" என்று உள்ளே வந்து அல்போன்சாவிடம் சொன்னார்.

"இருந்தாலும் தொப்பியில உங்களுக்கு இடம் பத்தாது" என்றாள் அவள்.

அடுத்து ஒரு பூனை வந்தது. ஆபீஸ் கிடங்கில் எலி பிடித்துக்கொண்டிருந்த சாம்பல் நிறக் கடுவன். ஜெனரல் என்று பெயர். ஜெனரலை ஜன்னலடியில் உட்காரவைத்தால் பறவைகள் பக்கத்தில் வராது என்பது ஓஸ்வால்டின் திட்டம். ஜெனரல் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் மேலே 'டம்' என்றது. மடியில் ஒரு தவிட்டுக்குருவி விழுந்தது. ஜெனரல் வானத்தை அண்ணாந்து பார்த்தது. இப்படி ஒரு ஊர் உலகத்தில் இருக்கிறது என்று அதற்கு யாரும் இதுவரை சொல்லவில்லை. அன்றிலிருந்து அங்கேயே குடியிருந்தது. இரண்டொரு நாளில் தெருப் பூனைகளும் வரிசையாக வந்து இடம் பிடித்தன. 'டம்' என்று கேட்டதும் வீட்டுக்குள்ளிருந்து மௌரீனும் வெளியிலிருந்து பூனைகளும் ஒரே இடத்துக்கு ஓடினார்கள். பெரும்பாலும் மௌரீன்தான் ஜெயித்தாள், ஆனால் கை நிறையப் பிறாண்டல். பள்ளிக்கூடத்தில் மதர் சுப்பீரியர், "வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஜெனரலைத் திரும்பவும் கிடங்குக்கே அனுப்பினார்கள்.

பிறகு ஏலத்தில் விலைபோகாத, அசிசியார் என்ற புனிதரின் சுரூபம் ஒன்றை ஓஸ்வால்ட் தூக்கிவந்தார். இரண்டு கையையும் விரித்து நிற்கும் சுண்ணாம்புச் சுரூபம். பறவைகளுக்கே பிரசங்கம் வைத்தவர், இந்தச் சின்ன உதவி செய்யமாட்டாரா என்று ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார். பறவைகள் அதுவரை வந்தது போதாதென்று ஏரிப் பக்கத்திலிருந்தும் வந்தன. அசிசியார் தோளில் மைனா, கையில் கிளி. தலையில் உட்கார்ந்த ஒரு கொண்டைக்குருவி கண்ணாடியில் தன்னையே பார்த்து, எவனோ எதிரி என்று நினைத்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம்வரை 'டொக் டொக்' என்று கொத்திச் சண்டை போட்டது.

"அவர் பறவைங்களைக் கூப்பிடற சாமிங்க. விரட்டற சாமி இல்ல" என்று அல்போன்சா சுரூபத்துக்கு ஒரு கும்பிடு போட்டு உள்ளே எடுத்துவைத்தாள்.

கடைசியாக ஒரு சோளக்கொல்லைப் பொம்மை. தன் பழைய ஆபீஸ் கோட்டு, பழைய கால்சட்டை, இன்னொரு பழைய தொப்பி எல்லாவற்றையும் மாட்டி வைக்கோல் அடைத்து ஓஸ்வால்டே செய்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அவரே தோட்டத்தில் நிற்பதுபோல் இருந்தது. வயிறு மட்டும் கொஞ்சம் குறைவு. பறவைகள் அதன் பைக்குள்ளிருந்து வைக்கோலை உருவிக் கூடு கட்டப் போயின. வாரக் கடைசியில் சேஷகிரி ஐயர் படியேறி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏன் ஸ்வாமி, உமக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? தெனமும் வாக்கிங் போறச்சே நின்னு கும்பிடு போடறேன். வெயிலைப் பத்திப் பேசறேன். என் மூட்டுவலியைப் பத்தி அவ்வளவு நேரம் சொன்னேன். ஒரு வார்த்தை, 'ஐயோ பாவம்'னு ஒரு வார்த்தை?"

ஓஸ்வால்ட் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பொம்மையை அறிமுகப்படுத்தினார். ஐயர் அதைத் தொட்டுப் பார்த்தார். "உம்மைவிட இது பொறுமையாக் கேட்டுண்டிருந்தது ஓய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு நாளும் ஓஸ்வால்டுக்கு இது கண்ணாடியின் பிரச்சினையாகத்தான் இருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் ஆபீஸுக்குக் கிளம்பும்போது மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. சுண்டுவிரலால் தட்டியதுபோல. போய்ப் பார்த்தால் ஒரு தேன்சிட்டு. கழுத்தில் ஊதாவும் வயிற்றில் மஞ்சளுமாக, கட்டைவிரல் அளவு. உள்ளங்கையில் எடுத்துவைத்தார். சூடு இருந்தது. தொப்பியை எடுத்துவரச் சொல்லி மௌரீனைக் கூப்பிட்டார். அவள் வருவதற்குள் சூடு குறைந்துகொண்டே வந்து நின்றுபோயிற்று. கனம் என்று ஒன்றுமே இல்லாத அந்த உடம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தார். கொய்யா மரத்தடியில் தாமே குழி தோண்டிப் புதைத்தார். அன்று ஆபீஸுக்கு முதல்முறையாகத் தாமதமாகப் போனார்.

அன்று மாலை அல்போன்சாவிடம், "கண்ணாடியை எடுத்துடலாம்" என்றார்.

இத்தனை நாள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்த அல்போன்சாவுக்கு அவர் முகத்தைப் பார்த்து மனசு கேட்கவில்லை. "இருங்க. மாதா திருநாள் வருது. தேர் நம்ம தெரு வழியாத்தான் போகும். இப்பப் போய்ச் சுவத்துல ஓட்டையோட நின்னா நல்லாவா இருக்கும்? திருநாள் முடியட்டும்" என்றாள்.

ஆரோக்கிய மாதா திருநாளுக்குத் தெருவில் எல்லோரும் வீட்டை ஜோடித்தார்கள். மௌரீனும் பாட்டுக் குழுப் பெண்களும் உட்கார்ந்து சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று கலர் காகிதத்தை நீள நீளமாகக் கத்தரித்து ஜன்னலுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே கட்டப்போனவர்களை அல்போன்சா தடுத்தாள்.

"மாதா தெருவுல வராங்க. உள்ள தொங்கவிட்டா அவங்களுக்கு எப்படித் தெரியும்? வெளியில கட்டுங்க. நெருக்கமாக் கட்டுங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

கண்ணாடியின் மேல்சட்டத்திலிருந்து தரைவரை காகிதம் தொங்கியது. தன் கண்ணாடி மறைந்துபோனதில் ஓஸ்வால்டுக்கு உள்ளுக்குள் வருத்தம். மாதாவுக்கு என்பதால் வாயைத் திறக்கவில்லை. தேர் வந்தது, போயிற்று. அதன்பின் ஒரு நாள் தேநீர் குடித்து முடித்தவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். கறை இல்லை. நேற்றைய சட்டையிலும் இல்லை. அப்போதுதான் உறைத்தது: திருநாள் தொடங்கியதிலிருந்து ஒரு 'டம்'கூடக் கேட்கவில்லை.

உடனே முக்காலி போட்டு ஏறிக் காகிதத்தையெல்லாம் அவிழ்த்தார். கடைசிக் காகிதத்தை அவிழ்த்துக் கீழே இறங்கக் காலை வைக்கிறார், காதோரமாக ஒரு மைனா வந்து 'டம்' என்று இடித்தது. முக்காலியோடு அவரும் சாய்ந்தார். இரண்டு பேருமே கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து தெளிந்தார்கள். மைனா முதலில் எழுந்து போயிற்று.

அதன்பின் ஓஸ்வால்டை யாராலும் பிடிக்கமுடியவில்லை. காகிதத்தைப் பாதிக் கண்ணாடிக்கு மட்டும் கட்டினார். எல்லாம் மறுபாதியில் இடித்தன. உள்பக்கம் கட்டினார், வெளியிலிருந்து கண்ணாடியில் மரமும் மேகமும் முன்போலவே தெரிந்ததால் காகிதம் இருப்பதையே எதுவும் சட்டை செய்யவில்லை. வெளியே கட்டி, முழம் முழமாக இடைவெளி விட்டார். ஒரு கிளி அந்த இடைவெளியைத்தான் தனக்கு விட்ட வாசல் என்று நினைத்துக்கொண்டு நேராக வந்தது. நெருக்கி, நெருக்கி, கடைசியில் நாலு விரல் இடம் விட்டு, மேலிருந்து கீழ்வரை, வெளிப்பக்கமாகக் கட்டியபோது இடிப்பது நின்றது. பறவைகள் வேகமாக வரும், காகிதத்தைப் பார்க்கும், இதற்குள் நுழைய முடியாது என்று கண்டு சட்டென்று திரும்பிக் கொய்யா மரத்துக்குப் போகும். ஓஸ்வால்ட் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்று திரும்பும்போதும் "சபாஷ்!" என்றார்.

இனிக் காகிதத்தை எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. அங்கேதான் வேறொரு சங்கடம் ஆரம்பித்தது.

திருநாள் முடிந்து எல்லா வீட்டிலும் தோரணம் இறங்கிவிட்டது. ஓஸ்வால்ட் வீட்டில் மட்டும் இறங்கவில்லை. மாதம் ஒன்றாயிற்று. வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். முதலில் சாப்பாட்டு நேரத்தில் பிச்சைக்காரர்கள் வந்து வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அல்போன்சா வேறு வழியில்லாமல் சோறு போட்டாள். மறுநாள் வரிசை நீண்டது. பேண்டு வாத்தியக்கார மதலைமுத்து கண்ணில் நீரோடு வந்தான். "உங்க கல்யாணத்துக்கு எங்கப்பாதான் வாசிச்சாரு. பாப்பா கல்யாணத்துக்கு எந்தப் பேண்டைய்யா வச்சீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றான். சேஷகிரி ஐயர் வெற்றிலைத் தட்டோடு வந்து, "மாப்பிள்ளை எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார்.

ஓஸ்வால்ட் ஒவ்வொருவருக்கும் விளக்கினார். மரம், மேகம், நாலு விரல். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, தெருமுனைக்குப் போய், "பெரிய இடத்துச் சம்பந்தம் போல இருக்கு, மூடி மறைக்கிறாரு" என்றார்கள்.

அல்போன்சாவுக்குக் கவலை வந்துவிட்டது. "நிஜமாவே பொண்ணு கேட்டு வரவங்க வாசல்ல இதைப் பாத்துட்டு, முடிஞ்சுபோச்சுன்னு திரும்பிப் போயிட்டா? உங்களுக்குக் குருவி முக்கியமா, பொண்ணு முக்கியமா?"

ஓஸ்வால்டுக்குத் தேன்சிட்டு ஞாபகம் வந்தது. மகள் முகமும் ஞாபகம் வந்தது. மௌரீனைப் பார்த்தார். அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே, "இருக்கட்டும் மம்மி. காகிதத்தைப் பாத்துத் திரும்பிப் போறவன் போகட்டும். குருவிக்கே அவ்வளவு புத்தி இருக்கு" என்றாள்.

இந்தச் சமயத்தில் டொமினிக் ஊரில் இல்லை. திருநாளுக்கு முன்பே குண்டக்கல் தந்தி ஆபீஸுக்குத் தற்காலிக மாற்றலில் போயிருந்தான். போவதை மௌரீனிடம், "குண்டக்கல். தற்காலிகம்" என்று சொல்லிவிட்டுப் போனான். நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை ரயிலிலிருந்து இறங்கியவன், கையில் டிரங்குப் பெட்டியோடு நேரே காக்ஸ் டவுனுக்கு வந்தான். அன்று மழை பெய்து விட்டிருந்தது. கேட்டருகில் வந்ததும் அவன் கண்ணில் முதலில் பட்டது சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கிய தோரணம். அதற்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், புதுப்புடவையில் மௌரீன்.

ஓஸ்வால்ட் உள்ளே நாற்காலியில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தார். டொமினிக் கேட்டைத் தள்ளியதைப் பார்த்தார். பெட்டியைச் சேற்றில் போட்டதைப் பார்த்தார். தோரணம் தொங்குகிற இடம்தான் கல்யாண வீட்டு வாசல் என்று எண்ணி அவன் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவருவதையும் பார்த்தார். "டொமினிக், அது வாசல் இல்ல..." என்று எழுந்தார். அதற்குள் காகிதங்களை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு டொமினிக் உள்ளே நுழைந்தான்.

'டம்!'

புறாவெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது. வீடே அதிர்ந்தது. மழையில் ஊறிய காகிதத்தின் சாயம் வெள்ளைக் கோட்டில் இறங்க, டொமினிக் பஞ்சவர்ணக்கிளி போலத் தரையில் உட்கார்ந்திருந்தான். அல்போன்சா பழக்க தோஷத்தில் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் நின்று அதைப் பார்த்து, திரும்பவும் மாட்டினாள்.

அவனை உள்ளே தூக்கிவந்து சாய்வு நாற்காலியில் போட்டார்கள். மௌரீனுக்கு இந்த வைத்தியம் கைவந்தது. விளக்கைக் குறைத்தாள், எல்லோரையும் சத்தம் போடவேண்டாம் என்றாள், தண்ணீர் கொண்டுவந்த அப்பாவைத் தடுத்தாள். மூக்கு வீங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் டொமினிக் கண்ணைத் திறந்தான். மௌரீனைப் பார்த்தான். பேசினான்.

"கல்யாணம் நிறுத்தவும். மௌரீன் என்னுடையவள். விவரம் பின்னால். டொமினிக்."

ஓஸ்வால்டுக்குத்தான் முதலில் வாய் வந்தது. "கல்யாணம்னு யாருப்பா சொன்னது? அது பறவைங்களுக்காகக் கட்டினது. கண்ணாடியில மரம் தெரியுது பாரு, அதனால நாலு விரல் இடம் விட்டு வெளிப்பக்கமா..."

"டாடி, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மௌரீன். பிறகு டொமினிக்கின் பக்கம் குனிந்தாள். "நடுவுல ஏதோ சொன்னீங்களே, அதைத் திரும்பச் சொல்லுங்க."

டொமினிக் யோசித்தான். ஒரே செய்தியை இரண்டு முறை அனுப்பி அவனுக்குப் பழக்கமில்லை. "மௌரீன் என்னுடையவள்" என்றான். பிறகு, வீங்கிய மூக்கின் வழியாக, தானாகவே இன்னொரு முறையும் சொன்னான்.

"இதைச் சொல்ல இத்தனை வருஷம் கேக் தின்னியாடா!" என்று அல்போன்சா அழுதுகொண்டே சிரித்தாள். விவரம் பின்னால் என்று சொன்னவன் விவரத்தையும் அன்றே சொன்னான். மௌரீன் கேட்கக் கேட்க, ராச்சாப்பாட்டு நேரம்வரை பேசினான். குண்டக்கல்லில் வெயில் எப்படி என்பதுகூட வந்தது.

கல்யாணம் நடத்தக்கூடாத தவக்காலம் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று ஜனவரியில் கல்யாணம் வைத்தார்கள். காகிதம் மழையில் கரைவதால் அதற்குமுன்பே ஓஸ்வால்ட் வெள்ளைப் பருத்தி நாடா வாங்கி நாலு விரல் இடம் விட்டு ஜன்னல் முழுக்கக் கட்டிவிட்டார். நாடாவுக்கு நடுவே தோட்டம் நன்றாகவே தெரிந்தது. மதலைமுத்துதான் பேண்டு. பழைய சங்கதியையெல்லாம் மறந்து, ஊதின ஊதலில் சேஷகிரி ஐயருக்கே காதை அடைத்தது. பூசை முடிந்து, சூளைப் பகுதியில் மாப்பிள்ளை வீட்டில் விருந்து. பந்தியில் ஓஸ்வால்டுக்குப் பக்கத்தில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் குணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பியவளுக்கு அவர் மரம், மேகம், திரைச்சீலை, கிளி எல்லாவற்றையும் சொன்னார். பிரியாணி ஆறிப்போயிற்று. கடைசியில் அந்தம்மா, பேச்சை முடிப்பதற்காக, "எங்க மாடியிலயும் ஒரு கண்ணாடிக் கதவு இருக்குங்க. அப்பப்ப ஒரு சத்தம் கேக்கும், பூனைன்னு இருந்துட்டோம்" என்றாள்.

ஓஸ்வால்ட் கை கழுவ எழுந்தார்.

சாயங்காலம் போட்டோக்காரர் முற்றத்தில் பெஞ்சு போட்டு எல்லோரையும் நிறுத்தினார். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில். அல்போன்சா ஓரத்தில். பெண்ணின் அப்பாவுக்கு விட்ட நாற்காலி மட்டும் காலி. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"ஏங்க!" என்று அல்போன்சா கூப்பிட்டாள். "எங்க இருக்கீங்க?"

மாடியிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கல்யாணக் கோட்டைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு, நாற்காலிமேல் நாற்காலி வைத்து ஏறி, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஓஸ்வால்ட் நின்றிருந்தார். கல்யாணப் பெட்டிகளைக் கட்டியிருந்த நாடாவெல்லாம் அவர் தோளில் தொங்கிற்று.

ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். "பாதிக் கதவுதான் ஆயிருக்கு" என்றார். "போட்டோக்காரரை நிக்கச் சொல்லு. டொமினிக், நீ மேல வந்து நாற்காலியைப் பிடி."

டொமினிக் மௌரீனைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே மாலையைக் கழற்றித் தரும்படி கையை நீட்டினாள். அவன் மாலையைக் கொடுத்துவிட்டு, "வரேன்" என்று படியேறினான்.